சிந்தி உதவி

மாடித் தையல் கார்க்கானாவின் பின்சுவரில் பதினேழு போட்டோக்கள் தொங்கின. ஒவ்வொன்றும் ஓர் ஆயுத பூசை. மிஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரியும் கடலையும் பங்கு போட்ட பிறகு, முதலாளி பூலோகம் அண்ணாச்சி வேலையாட்கள் எல்லோரையும் நிற்க வைத்து எடுத்த படங்கள். முதல் படத்தில் அண்ணாச்சிக்குக் கறுத்த தலை. ஒன்பதாவதில் வெளுத்துவிட்டது. பதினைந்தாவதில் அவரே சட்டத்துக்குள் போய் மாலை போட்டுக்கொண்டார். அவர் நின்ற இடத்தில் மகன் மகேஷ்குமார் நிற்கிறார். ஆட்கள் கூடியிருக்கிறார்கள், குறைந்திருக்கிறார்கள். பதினேழிலும் மாறாத ஒன்று, இடதுபக்க இரும்புத் தூணுக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முழங்கை.

அது முப்பிடாதியம்மாளின் முழங்கை. போட்டோக்காரர் ‘ரெடி’ என்று சொல்லும்போதுதான் அவளுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வரும். கீழே கிடக்கும் ஊசியை எடுக்கக் குனிவாள். குழாயை மூடியாயிற்றா என்று பார்க்கப் போவாள். திரும்பி வருவதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும்.

“இந்த வருசம் வலது முழங்கைட்டி. போன வருசத்துக்கு நல்லா தெளிவா விழுந்திருக்கு” என்று பேகம் அக்கா சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். முப்பிடாதியும் சிரிப்பாள், சத்தமில்லாமல்.

இருவருக்கும் ஒரே வேலை. ‘தாகா கட்டிங்’ என்பார்கள். தைத்து முடித்த குழந்தைக் கவுன்கள் குவியலாக வந்து விழும். தொங்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கி, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து அடுக்க வேண்டும். ஜன்னலுக்குக் கீழே ஒரே கோணிச் சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதினேழு வருசம் நறுக்கியாயிற்று. பேகம் அக்கா கடையநல்லூர்க்காரி, வாய் ஓயாது. முப்பிடாதி சேரன்மகாதேவிப் பக்கம். தாராவியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தாள். அம்மாவுக்கு அடுத்த பிள்ளை பிறந்தபோது, தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அவள் பேசுவது குறைவு. அதற்குப் பதிலாகப் பார்ப்பாள்.

அப்படிப் பார்த்ததில்தான் நாலு வருசத்துக்கு முன்னால் அது தெரிந்தது. கட்டிங் மாஸ்டர் சுடலைக்கண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டால் பேகம் அக்கா திரும்புவதில்லை. முன்னால் வந்து கூப்பிட்டால் வாயைப் பார்க்கிறாள். பேச்சும் வரவர உரக்கப் போகிறது. ஒருநாள் மாஸ்டர் மூன்று தடவை கூப்பிட்டும் அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது, முப்பிடாதி கால் பெருவிரலால் அவள் காலை ஒரு அமுக்கு அமுக்கினாள். பேகம் அக்கா சட்டென்று தலை தூக்கினாள். அன்றிலிருந்து அது அவர்கள் பாஷை. ஒரு அமுக்கு என்றால் யாரோ கூப்பிடுகிறார்கள். இரண்டு அமுக்கு என்றால் அசையாதே, ஒன்றும் சொல்லாதே.

மறைக்க வேண்டியிருந்தது. போன வருசம் பட்டன் தைக்கும் இசக்கிசெல்விக்குக் காது மந்தம் என்று மகேஷ்குமாருக்குத் தெரிந்துவிட்டது. கவுன் வாங்கும் கம்பெனி, சுவரில் தீ மணி மாட்டச் சொல்லியிருந்த நேரம். “நாளைக்கு நெருப்பு பிடிச்சா மணி கேக்காது. அப்புறம் கேஸ் என் தலைல” என்று அந்த வாரச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இசக்கிசெல்வி படியிறங்கும்போது, கத்தரியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம் என்று மறுபடியும் ஏறி வந்து வைத்துவிட்டுப் போனாள். முப்பிடாதிக்கு அது மனசை விட்டுப் போகவில்லை.

மழை தொடங்கிய மாதம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு காதுக்கும் மிஷின் வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்றார் டாக்டர்.

“சும்மாவே ஒரு மிஷின் தாராவளாம்” என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் பேகம் அக்கா சொன்னாள். பஸ் முழுக்கக் கேட்டது. “பொட்டி மாதிரி இருக்கும். வயரு கழுத்துல தொங்கும். அதப் போட்டுக்கிட்டு மாடி ஏறுனா, அப்படியே எறங்கிற வேண்டியதுதான். காதுக்குள்ள வைக்கிறது எழுபதாயிரமாம். நான் எங்க போவேன்?”

மகன் வீட்டில் இருக்கிறாள் பேகம் அக்கா. சம்பளம் கொண்டுபோவதால்தான் அங்கே அவளுக்கென்று ஒரு பாயும், ஒரு சொல்லும் இருக்கிறது. அது முப்பிடாதிக்குத் தெரியும்.

வழி காட்டியது அஃப்ஷா என்றுதான் சொல்ல வேண்டும், அவளுக்கே தெரியாமல். ஓவர்லாக் மிஷின் ஓட்டும் இருபத்திரண்டு வயசுப் பெண். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தன் அண்ணன் ஆபீஸ் கதை சொன்னாள். “ஒரு ஆளுக்கு கிட்னி ப்ராப்ளம் அக்கா. ஆபீஸ்ல எல்லாரும் வீட்ல இருந்து கேக் பண்ணிட்டு வந்து வித்தாங்களாம். சேரிட்டி. மஸ்த் பைசா சேந்துருச்சாம்.”

“நம்மகிட்ட கேக்கு எங்க இருக்கு?” என்றார் சுடலைக்கண்ணன்.

“சிந்தி இருக்கு” என்றாள் முப்பிடாதி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வாய் திறந்து பல மாதம் ஆகியிருந்தது.

சிந்தி என்றால் துணி வெட்டும்போது விழும் துண்டு துணுக்கு. மும்பையில் அதற்கு அதுதான் பெயர். ஆளைப் பார்த்துச் சொன்னால் அற்பம் என்று அர்த்தம். சாயங்காலம் கூட்டிக் கோணியில் அமுக்கி, நிறுத்து, பழைய துணிக்காரனுக்குப் போட்டுவிடுவார்கள். அதில் பூப்போட்டது, புள்ளி போட்டது, பட்டாம்பூச்சி போட்டது என்று குழந்தைத் துணியாகவே இருக்கும். ஒட்டுப்போட்டுக் குட்டிக் கோதடி விரிப்பு தைக்கலாம், கைக்குழந்தையைக் கிடத்தும் அளவுக்கு. முப்பிடாதி இதையெல்லாம் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பிறகு மூன்றாவதாக, “நம்மள்ல ஒருத்திக்குக் காது மிஷின் வாங்கணும். பேரு கேக்கப்பிடாது” என்றாள்.

“பேரு தெரியாம எப்படிட்டி கை ஓடும்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“குடுக்குறவன் பேரு சொல்லாமக் குடுத்தா பெரிய மனுசன்னு சொல்லுதாவ. வாங்குறவ மட்டும் எதுக்குப் பேரு சொல்லணும்?”

சுடலைக்கண்ணன் ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, “நான் முதலாளிகிட்ட கேட்டு வைக்கேன்” என்றார். மூன்று தடவை கூப்பிட்ட மனுசர் அவர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மகேஷ்குமார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து போனைக் காதில் வைத்தபடியே சிரித்தார். “சிந்திதானே? எடுத்துக்கட்டும். சிந்தி லோக், சிந்தி காம்.”

அற்ப ஆட்களுக்கு அற்ப வேலை என்ற அந்தச் சிரிப்பை முப்பிடாதி பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஏழு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் ஊசிதான். டப்பாவை மடியில் வைத்து ஒரு வாய், இரண்டு தையல். மாஸ்டர் வெட்டும் மேசையில் துண்டுகளை அளவாக நறுக்கிக் கொடுத்தார். எல்லோரையும்விட அதிகம் தைத்தவள் பேகம் அக்காதான். “யாரோ பாவம், நம்ம புள்ள மாதிரி. அல்லா நல்லாக்கி வைக்கட்டும்” என்று ஒன்றும் தெரியாதவள் போல, ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு தைப்பாள். முப்பிடாதி சிரிப்பை அடக்கக் குனிந்துகொள்வாள்.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம், ஒரு பாத்திரக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் தன் கடைப் படியைக் கொடுத்தார். போர்டு எழுதியவள் அஃப்ஷா. இந்தி கடகடவென்று எழுதுவாள். தமிழ், அம்மா சொல்லச்சொல்ல ஒவ்வோர் எழுத்தாகப் படம் வரைகிற மாதிரி. ‘சிந்தியில் செய்தது, உதவிக்காக’ என்று எழுதத்தான் ஏற்பாடு. அட்டையில் இடம் போதவில்லை. எழுத்துகளும் யானை யானையாக விழுந்துவிட்டன. கடைசியில் நின்றது இரண்டே வார்த்தை: ‘சிந்தி உதவி’.

முதல் ஒரு மணி நேரம் யாரும் நிற்கவில்லை. பிறகு கறிவேப்பிலை எட்டிப்பார்க்கும் பையோடு ஒரு பெரியவர் வந்தார், பேத்தி கூட. போர்டை உற்றுப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தார்.

“யாரும்மா இத எழுதினது?”

“நான்தான் அங்கிள்” என்றாள் அஃப்ஷா.

“கருத்து பிரமாதம். ஆனா இலக்கணம் உதைக்கறதே. ‘சிந்தி’ன்னு கட்டளையா ஆரம்பிச்சுட்டு ‘உதவி’ன்னு முடிச்சா எப்படி? சிந்தி, உதவு. அப்படித்தானே வரணும்?”

அஃப்ஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “அங்கிள், சிந்தி மத்லப் கப்டா” என்று, துணியைத்தான் சொல்கிறேன் என்பதுபோல் கோதடியைத் தூக்கிக் காட்டினாள். பெரியவருக்கு அது புரியவில்லை. முப்பிடாதிக்கு இரண்டும் புரிந்தது. ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பாடத்துக்குக் கீழே கட்டம் போட்டு அந்தச் சொல் இருக்கும். சிந்தி. யோசித்துப் பார். அந்தக் கட்டத்துக்குள் இருந்த கேள்விகளுக்கு அவள் ஒருநாளும் பதில் எழுதியதில்லை, பள்ளிக்கூடம் அதற்குள் முடிந்துவிட்டது.

“நீங்களே திருத்திருங்க ஐயா” என்று மார்க்கரை நீட்டினாள்.

பெரியவர் குனிந்து ‘வி’யை ‘வு’ ஆக்கினார். ஒரு கமாவும் வைத்தார். மூன்று கோதடி வாங்கினார். பேத்தி போர்டைப் போட்டோ எடுத்து எங்கெங்கோ அனுப்பினாள். மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு கோதடியும் போய்விட்டன. வேண்டியதில் பாதிக்கும் கொஞ்சம் மேலே கிடைத்திருந்தது.

அந்தப் போட்டோதான் சுற்றிச் சுற்றி, கவுன் வாங்கும் கம்பெனி மேடம் கைக்கே போனது. செவ்வாய்க்கிழமை மகேஷ்குமார் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து நடுவில் நின்று கை தட்டினார்.

“அக்கா லோக், ஒரு நிமிஷம். சூப்பர் காம் பண்ணியிருக்கீங்க. மேடம் போன் பண்ணாங்க, வியாழக்கிழமை வர்றாங்க. நீங்க எவ்வளவு சேத்தீங்களோ அவ்வளவு நானும் போடறேன். இவ்வளவு பெரிய செக் மாதிரி அட்டை அடிக்கச் சொல்லியிருக்கேன். மேடம் கையால கொடுப்பாங்க. வாங்கற அக்கா முன்னாடி வந்து, இப்படி கும்பிட்டு நிக்கணும். ஒரு போட்டோ. அவ்வளவுதான். சொல்லுங்க, யாருக்கு?”

எல்லோரும் கையிலிருந்த கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“அரே, வெக்கம் எதுக்கு? யாருக்குக் காது மிஷின்?”

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் முகத்தில் சிரிப்பு போய் வேறொன்று வருவதை முப்பிடாதி பார்த்தாள்.

“அப்படின்னா காது கேக்காத ஆளு இங்க இருக்கு. எனக்குச் சொல்லாம ஒளிச்சு வெச்சிருக்கீங்க. மணி அடிச்சா கேக்கலன்னா யாரு பதில் சொல்றது? பேரு சொல்லுங்க. இல்லன்னா சிந்தி பந்த். என் சரக்கு அது.” சொல்லிக்கொண்டே விரலை ஒவ்வோர் ஆளாக நீட்டிக்கொண்டு வந்தார்.

பேகம் அக்காவுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் விரல் தெரிந்தது. நின்றுபோன மிஷின்கள் தெரிந்தன. எல்லாம் வெளியாகிவிட்டது என்று நினைத்தாள் போல. கத்தரியைக் கீழே வைத்து, முட்டியில் கை ஊன்றி எழுந்திருக்கப் போனாள்.

முப்பிடாதி அவள் காலை அமுக்கினாள். ஒன்று. இரண்டு.

பிறகு அவளே எழுந்தாள்.

“எனக்குத்தான்.”

“க்யா?”

“காது மிஷினு எனக்குத்தான்.”

மகேஷ்குமார் அவளைப் பார்த்தார். சந்தேகம் துளிகூட இல்லை. “பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன். அப்பா இருக்கும்போதே கேட்டேன், இந்த அக்காவுக்குக் காது கேக்காதான்னு. கூப்பிட்டா பேசவே மாட்டாங்களே!”

அவர் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு, இதே சிந்தி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து விம்மியதைக் கேட்டவள் முப்பிடாதி. அப்பாவுக்குத் தெரியாமல் போனில் பேசியதையெல்லாம் கேட்டவள். பதினேழு வருசமாக அந்த மாடியில் அவளுக்குக் கேட்காதது ஒன்றும் இல்லை.

அவர் கிட்டே வந்தார். வாயை அகலத் திறந்து, கையால் மணி ஆட்டிக் காட்டி, “மணி! அடிச்சா! கேக்குமா?” என்று கத்தினார்.

அஃப்ஷா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“கேக்காட்டா என்ன?” என்றாள் முப்பிடாதி. “நூல் நறுக்கக் காது எதுக்கு? கையும் கண்ணும் போதும். பதினேழு வருசத்துல என் கையில இருந்து போன ஒரு கவுனு திரும்பி வந்திருக்கா? மாஸ்டரக் கேளுங்க.”

“வந்ததில்ல” என்றார் சுடலைக்கண்ணன், கேட்கும் முன்பே.

“நெருப்பு பிடிச்சா பக்கத்துல இருக்கவ கையப் பிடிச்சு இழுத்துட்டு ஓடமாட்டாளா? இல்ல, மணிதான் வந்து தூக்கிட்டுப் போவுமா? மணியோட ஒரு செவப்பு பல்பும் போட்டுட்டா கேக்காதவளுக்கும் தெரியும். இசக்கிசெல்விய அனுப்பினதுக்கு முன்னாலயே அது தோணிருக்கணும்.”

“அக்கா, ரூல்னு ஒண்ணு இருக்கு. காது கேக்காதவங்கள நான்...”

“அனுப்புங்க. வியாழக்கிழமை மேடம் வந்து, அந்தக் காது மிஷினு அக்கா எங்கன்னு கேப்பாவ. அனுப்பிட்டேன்னு சொல்லுங்க.”

மகேஷ்குமார் கழுத்தைத் தடவிக்கொண்டார். “சரி, சரி. இருங்க. யாரு அனுப்பறேன்னு சொன்னது? செக் வாங்கிக்கோங்க, போட்டோக்கு நில்லுங்க” என்றார், அதையும் கத்தித்தான்.

“செக்கு வேண்டாம். அத வாங்கினா கும்பிடணும். சிந்தி மட்டும் குடுங்க, மிச்சத்த நாங்க தச்சு வித்துக்கிடுதோம். போட்டோவுக்கு நிக்கேன்.”

முப்பிடாதி உட்கார்ந்தாள். பேகம் அக்கா அவள் முழங்காலில் கையை வைத்து, “என்னட்டி சொன்ன? என்ன சொன்ன?” என்று மாடியே அதிரக் கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மகேஷ்குமாருக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. அன்று இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து போகும்போது, முப்பிடாதி வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக முழுவதையும் சொன்னாள். பேகம் அக்கா ரோட்டில் நின்றுவிட்டாள். பிறகு, “ஒன் சோத்துல மண்ண அள்ளிப் போடப் பாத்தியேட்டி, எனக்காக” என்றாள். “போடலல்லா” என்றாள் முப்பிடாதி.

வியாழக்கிழமை அவள் முன்னால்தான் நின்றாள். கும்பிடவில்லை. வலது கையில் கத்தரி, இடது கையில் பட்டாம்பூச்சிக் கோதடி. போட்டோ எடுக்கும்போது கண்ணை இமைக்காமல் வைத்துக்கொண்டாள். மேடம் அவளிடம் மெல்லக் கேட்டாள், உங்களுக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று. உதட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “செவப்பு பல்பு” என்றாள் முப்பிடாதி. அஃப்ஷா இந்தியில் விளக்கினாள். மேடம் திரும்பி மகேஷ்குமாரைப் பார்த்தாள். அடுத்த வாரம் மணிக்குப் பக்கத்தில் ஒரு பல்பும், ஜன்னல் பக்கம் இன்னொரு பல்பும் வந்தன.

மிச்சப் பணத்துக்கு இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அதே படி, அதே போர்டு. பேகம் அக்கா காதில் மிஷினை வைத்துக்கொண்டு கார்க்கானாவுக்கு வந்த முதல் நாள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தாள். ஓவர்லாக் ஓடியது. திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். “எம்மா, இந்தச் சத்தத்துலயாட்டி இத்தன வருசம் இருந்தோம்?”

“மெதுவாப் பேசுக்கா” என்றாள் முப்பிடாதி.

பேகம் அக்கா அவளையே பார்த்தாள். “ஏட்டி, ஒன் குரலு இவ்வளவுதானா? நான் என்னமோ நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

இப்போது நிலைமை இதுதான். இசக்கிசெல்வி பட்டன் தைக்கத் திரும்பி வந்துவிட்டாள். பல்பைப் பார்த்தாற்போல் உட்கார்ந்திருக்கிறாள். சிந்தி மூட்டையில் பாதி இன்னமும் பெண்களுக்குத்தான் வருகிறது. அடுத்த கோதடி விற்பனை சுடலைக்கண்ணனின் கண் ஆபரேஷனுக்கு. பேகம் அக்காவுக்குக் காது கேட்கிறது, முன்பு கேட்காமல் இருந்தது மகேஷ்குமாருக்குத் தெரியாது. மிஷின் முப்பிடாதி காதுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டே அவளிடம் அவர் இன்றும் கையை ஆட்டி, கத்தித்தான் பேசுகிறார். இந்த வருச ஆயுத பூசைக்குப் படம் எடுக்கும்போது, “அக்கா, முன்னாடி வாங்க! முன்னாடி!” என்று மூன்று தடவை கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. பதினெட்டாவது படத்திலும் தூணுக்குப் பின்னால் முழங்கை மட்டும் இருக்கிறது.